காணாமல் போன வாஷர் இன்ஜினுக்குள் விழுந்ததா? அதன் ஜோடியை வைத்தே கண்டுபிடிக்கலாம்

கேள்வி:

அண்ணா, வணக்கம். என் வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் இன்ஜின். ஹெட்டில் சத்தம் வந்ததால் நானே திறந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை மாற்றினேன். டைமிங் செயின் உள்ளே போய்விடாமல் கம்பியால் கட்டிவிட்டுத்தான் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, கழற்றினேன். புது ஷாஃப்ட்டைப் போட்டு, ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு போல்ட்டில் ஒன்றை மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தால் அதில் வாஷர் இல்லை. முதல் போல்ட்டில் இருக்கிறது. இரண்டாவதில் முதலிலேயே இல்லையா, உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா, ஒன்றும் புரியவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. டைமிங் குறியைப் பார்க்க ஸ்பானர் போட்டு கிராங்கை இரண்டு சுற்று சுற்றினேன், லேசாகவே சுற்றியது. நண்பர் ஒருவர், "ஸ்டார்ட் பண்ணு, ஆயிலோடு கீழே இறங்கிவிடும், அடுத்த ஆயில் மாற்றும்போது டிரெயின் வழியாக வந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் இன்ஜினை முழுவதுமாகப் பிரிக்கச் சொல்கிறார். ஹெட் கவரை இன்னும் மூடவில்லை. என்ன செய்வது?

பதில்:

தம்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தி வைத்தீர்கள் பாருங்கள், பெரிய செலவு அங்கேயே தப்பியது. இன்ஜினுக்குள் விழுந்த பொருள் அசையாமல் கிடக்கும் வரை ஒரு கெடுதலும் செய்யாது. கிராங்க் சுற்றும்போதுதான் அது எதற்கும் இடையில் போய் மாட்டும். அதனால் முதலில் கிராங்க் சுற்றாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிளக் கேப்பைப் பிடுங்கி வையுங்கள். வண்டியை நியூட்ரலில் விடுங்கள். கியரில் இருக்கும்போது யாராவது தள்ளினால் பின்சக்கரம் கிராங்கையும் சேர்த்துச் சுற்றும். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். "ஏன் சும்மா நிற்கிறது" என்று ஒருவர் கிக்கரை ஒரு மிதி மிதித்தால் போதும்.

இரண்டு சுற்று லேசாகச் சுற்றியது நல்ல செய்திதான். அந்த நேரத்தில் வாஷர் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது. இன்ஜினுக்குள் இல்லை என்று தெரியாது. ஆயில் ஒட்டிய வாஷர் ஏதாவது ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கும். கையால் மெதுவாகச் சுற்றினால் அது அசையாது. ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வையுங்கள், நொடிக்கு 23 சுற்று வருகிறது. அந்த அதிர்வில் எந்த விளிம்பில் இருந்தாலும் இறங்கிவிடும்.

இறங்கினால் எங்கே போகும்? மேல் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேர் கீழே சிலிண்டரின் ஓரமாகச் செயின் இறங்கும் சுரங்கம் இருக்கிறது. அதன் அடியில் கிராங்கின் சின்ன ஸ்ப்ராக்கெட். வாஷர் அந்தப் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் புகுந்தால் செயின் ஒரு பல்லாவது தாண்டும், அல்லது அறும். கீழ் ஸ்ப்ராக்கெட்டில் 17 பல் இருந்தால் ஒரு பல் தாண்டுவது கிராங்கில் 21 டிகிரி. இரண்டு பல் தாண்டினால் 42. அவ்வளவு டைமிங் தவறினால் பல இன்ஜின்களில் வால்வு திறந்திருக்கும்போதே பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டன் தலையும் போகும். இத்தனைக்கும் காரணம் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள வாஷராக இருக்கும்.

இனி தேடலுக்கு வருவோம். உங்கள் கையில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: முதல் போல்ட்டில் இருக்கும் அந்த இன்னொரு வாஷர். காணாமல் போனதும் இதுவும் ஒரே அளவு, ஒரே உலோகம். அதைக் கழற்றிப் பத்திரமாக ஒரு டப்பாவில் போடுங்கள். கழற்றும் முன் செயினை மறுபடி கம்பியால் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய துணி ஒன்றைச் சுரங்கத்தின் வாயில் லேசாக வைத்து, அதன் ஒரு முனையை வெளியே நீளமாகத் தொங்கவிடுங்கள். ஆழமாகத் திணிக்க வேண்டாம். மேல் விளிம்பில் வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தால் துணியே அதை உள்ளே தள்ளிவிடும், அதனால் முதலில் டார்ச் அடித்து விளிம்பைப் பார்த்துவிட்டுத் துணியை வையுங்கள்.

முதல் கேள்வி, இரண்டாவது போல்ட்டுக்கு வாஷர் இருந்ததா என்பது. நினைவை நம்பாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டின் முகத்தைப் பாருங்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறீர்கள், அது நல்லதாகப் போயிற்று. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஸ்ப்ராக்கெட் ஆயில் கறை படிந்து பழுப்பாக இருக்கும். வாஷர் அழுந்தியிருந்த இடத்தில் மட்டும் கறை ஏறாமல் வட்டமாக, பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். துணியால் துடைக்காமல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து இரண்டு ஓட்டையைச் சுற்றியும் பாருங்கள். உங்களிடம் உள்ள வாஷரை அந்த வளையத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் விளிம்போடு விளிம்பு பொருந்தினால் இரண்டு போல்ட்டுக்கும் வாஷர் இருந்திருக்கிறது. இரண்டாவது ஓட்டையைச் சுற்றி அதைவிடச் சின்ன வட்டமும், போல்ட் தலை நேராக உரசித் திரும்பிய வட்டக் கீறலும் இருந்தால் அங்கே வாஷர் இல்லாமலே ஓடியிருக்கிறது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பெரிய வளையமும் இருக்கிறது, அதன் மேலேயே போல்ட் தலையின் கீறலும் இருக்கிறது என்றால், கம்பெனியில் போட்ட வாஷரை முன்பு யாரோ திறந்தபோது தொலைத்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் நீங்கள் இரண்டாவது போல்ட்டை வாஷர் இல்லாமல் கையால்கூட முறுக்கிப் பார்த்திருந்தால் அந்தக் கீறல் உங்களுடையதாகவும் இருக்கலாம். அதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மாடலின் பாகங்கள் படம் கிடைத்தால் அதையும் பாருங்கள். கேம் ஷாஃப்ட் பக்கத்தில் எத்தனை போல்ட், எத்தனை வாஷர் என்று எண்ணிக்கையோடு இருக்கும். படத்தில் வாஷரே இல்லையென்றால் முதல் போல்ட்டில் இருப்பதுதான் யாரோ இடையில் சேர்த்தது. அப்படியும் நடக்கிறது.

வளையம் பொருந்துகிறது, வாஷர் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வெளியே தேட வேண்டும். இதை அவசரமாக முடித்துவிட்டு இன்ஜினைத் திறக்கப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பலருடைய வாஷர் கடைசியில் வெளியேதான் கிடைக்கிறது. ஆயில் பட்ட தட்டையான வாஷர் எந்தத் தட்டையான பரப்பிலும் அப்பிக்கொள்ளும், அதனால் தரையை மட்டும் பார்ப்பது போதாது. பழைய கேம் ஷாஃப்ட்டை எடுத்து ஸ்ப்ராக்கெட் உட்காரும் அதன் முகத்தைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். போல்ட்டைக் கழற்றிய பாக்ஸ் ஸ்பானரின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், வாஷர் அங்கே ஒட்டிக்கொண்டு நிற்பது மிகச் சாதாரணம். ஹெட் கவரின் உட்புறம், பழைய பேக்கிங், கை துடைத்த துணி, புது ஷாஃப்ட் வந்த அட்டைப்பெட்டி, சிலிண்டர் ஃபின்களின் இடுக்கு, இன்ஜினைத் தாங்கும் ஃபிரேம் குழாயின் மேல்புறம், ஃபுட்ரெஸ்ட் தாங்கியின் மூலை, உங்கள் செருப்பின் அடிப்பாகம் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். தரையைப் பெருக்காதீர்கள். ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரையில் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். ஒட்டியதெல்லாம் பையின் வெளிப்புறத்தில் நிற்கும், பையை உள்வெளியாகத் திருப்பினால் மொத்தமும் பைக்குள் விழும்.

அதற்கு முன்பு ஒன்று: உங்களிடம் உள்ள வாஷர் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரும்பு என்றால் ஒட்டும். செம்பு, அலுமினியம், பித்தளை ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பலவகை ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். ஒட்டாத வாஷரைக் காந்தத்தை விட்டு நாள் முழுக்கத் துழாவிவிட்டு "உள்ளே இல்லை" என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே ஏதோ ஒரு வாஷர் கிடைத்துவிட்டால் உடனே சந்தோஷப்படாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் பழைய வாஷர் நாலைந்து எப்போதும் கிடக்கும். ஜோடியோடு சேர்த்து வைத்து வெளிவிட்டம், ஓட்டை, கனம் மூன்றையும் பாருங்கள். அழுந்திய தடமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

வெளியே கிடைக்கவில்லை என்றால் உள்ளே தேட வேண்டியதுதான். இங்கே மூன்று விஷயம் செய்யக்கூடாது. காற்று அடிக்கக்கூடாது, மேலே நிற்பதை அதுவே அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவக்கூடாது, அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அது தீ விபத்தில் போய் முடியும். வண்டி இப்போது எந்த ஸ்டாண்டில் நிற்கிறதோ அப்படியே நிற்கட்டும். கண்ணால் பார்த்து முடிக்கும் வரை சாய்க்காதீர்கள், குலுக்காதீர்கள்.

முதலில் ஹெட்டிலேயே பாருங்கள். வால்வு ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஆயில் தேங்கி நிற்கும். அந்தக் கருப்பு ஆயிலுக்கு அடியில் வாஷர் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. துணியின் முனையால் ஆயிலை ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள், அல்லது பேனா போன்ற காந்தக் குச்சியை விட்டுத் தடவுங்கள். ராக்கர் ஆர்மின் அடியிலும் பாருங்கள்.

அப்புறம் சுரங்கம். துணியை எடுத்துவிட்டு டார்ச்சை நேராக அடிக்காமல் ஓரமாக அடித்துப் பாருங்கள். செயின் கைடின் மேல்முனை, செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் தள்ளும் வளைந்த ரப்பர் கைடின் முதுகு, சிலிண்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் உள்ள சின்னப் படி, சிலிண்டரின் அடியில் கைடு உட்காரும் பள்ளம் ஆகியவையே பொருள் தங்கும் இடங்கள். போனில் இணைக்கும் எண்டாஸ்கோப் கேமரா 5.5 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது, அது செயினின் பக்கவாட்டில் தாராளமாக இறங்கும். ஒன்று இரவல் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலையில் அதற்கு ஈடு இல்லை. அந்தக் கேமராவின் நுனியில் மாட்டிக்கொள்ள குட்டிக் கொக்கியும் காந்தமும் கூடவே தருவார்கள். அவை சும்மா மாட்டி நிற்பவை. உள்ளே கழன்று விழுந்தால் இரண்டு பொருளைத் தேட வேண்டியிருக்கும். கேமராவைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எடுப்பதற்கு வளையும் கம்பியில் காந்தம் வைத்த குச்சி நல்லது. காந்தம் பசையால் ஒட்டியதாக இருந்தால் முன்பே நன்றாக இழுத்துப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிலிண்டர் அலுமினியம், அதில் ஒட்டாது. ஆனால் செயின் முழுக்க இரும்பு. காந்தம் இறங்கும்போதே பக்கவாட்டில் செயினைப் பிடித்துக்கொள்ளும், வாஷரைப் பிடித்த பிறகு மேலே வரும் வழியில் வாஷரையும் செயினிடம் பறிகொடுக்கும். காந்தத்தின் பக்கவாட்டை மறைக்கும்படி ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, நுனி மட்டும் தெரியும்படி வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். குழாயும் கழன்று விழாதபடி டேப் சுற்றுங்கள். காந்தத்தில் ஒட்டாத வாஷர் என்றால் கெட்டியான கிரீஸை ஒரு கம்பியின் நுனியில் உருட்டி வைத்து, கேமராவில் பார்த்தபடியே அதன் மேல் அழுத்தி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் வரும்.

கேமராவிலும் தெரியவில்லையா? இருக்கும் வாஷரை மறுபடி எடுங்கள். உறுதியான மெல்லிய நைலான் நூலில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். அதன் மேல் கொஞ்சம் ஆயில் தடவி, மற்றது எந்த ஓட்டையில் இருந்ததோ அதற்கு நேர் கீழே மெதுவாக இறக்குங்கள். எங்கே போய் நிற்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று கேமராவில் பாருங்கள். நாலைந்து முறை இறக்கினால் இந்த இன்ஜினில் இந்த அளவு வாஷர் வழக்கமாக எங்கே போகும் என்று ஒரு கணக்குக் கிடைக்கும். ஓரிடத்தில் அது புக முடியாமல் நின்றால், காணாமல் போனதும் அதைத் தாண்டிப் போயிருக்காது. சிக்கினால் இழுக்காதீர்கள், நூலைத் தளர்த்தி அசைத்து எடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன டிரெயின் கதையையும் இதே வாஷரை வைத்துச் சோதிக்கலாம். பொதுவான 6 எம்.எம். வாஷரின் வெளிவிட்டம் 12 மில்லிமீட்டர். டிரெயின் போல்ட் 12 எம்.எம். என்றால் மரையின் உள்ளே இருக்கும் வழி சுமார் பத்தரை மில்லிமீட்டர்தான். 12 மில்லிமீட்டர் வட்டத்தகடு அதன் வழியாக நேராகவும் வராது, சாய்ந்தும் வராது. போல்ட் 14 எம்.எம். என்றால் வழி பன்னிரண்டரை. வாஷர் சரியாக ஓட்டையின் நடுவுக்கு வந்தால்தான் உண்டு. சில வண்டிகளில் அடியில் பெரிய மூடி இருக்கும், கழற்றினால் ஸ்பிரிங்கும் ஜல்லடையும் சேர்ந்து வரும். அதில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். ஆயிலோடு மிதந்து வருவது இரும்புத் தூளும் கிளட்ச் தூளும்தான், வாஷர் கிடக்கும் இடத்திலேயே கிடக்கும். அப்படியே ஒரு நாள் கீழே இறங்கினாலும், உங்கள் வண்டி போன்றவற்றில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். ஆயில் பம்ப்பை ஜல்லடை காப்பாற்றும், கியர் பற்களைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இதைக் கேட்காதீர்கள்.

மேலிருந்து கிடைக்கவில்லை என்றால் அடுத்த படி, செயின் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்துக் கவரைத் திறப்பது. பெரும்பாலும் மேக்னட் பக்கமாக இருக்கும். கிராங்கின் முனையில் சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்தான் மேக்னட். முதலில் ஆயிலை இறக்குங்கள். அகலமான தட்டில், மேலே ஒரு வலையோ மெல்லிய துணியோ விரித்து, மெதுவாக. கவரை எடுக்கும்போதும் அடியில் தட்டு இருக்கட்டும், உள்ளே தேங்கிய ஆயிலோடு வாஷர் வந்து விழலாம். கவர் வந்ததும் எதையும் துடைக்காமல் மேக்னட்டைப் பாருங்கள். அதுவே வலுவான காந்தம். பக்கத்தில் வந்த இரும்பு வாஷரை அது பிடித்து வைத்திருக்கலாம். காயில் சுற்றுகளின் இடுக்கிலும் பாருங்கள்.

கீழ் ஸ்ப்ராக்கெட் பல வண்டிகளில் மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும், மேக்னட்டைக் கழற்ற வேண்டும். அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் இல்லாமல் தொடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிராங்க் கேஸ் வாய் உடையும், சுத்தியால் தட்டினால் கிராங்க் கோட்டம் விழும். நட்டைக் கழற்றும்போது மேக்னட் சுற்றாமல் இருக்க அதைப் பிடிக்கும் கருவியும் வேண்டும். பிடிக்காமல் கழற்றினால் கிராங்க் சுற்றும், அதைத்தான் நாம் இத்தனை நேரம் தவிர்த்து வருகிறோம். மேக்னட் வந்ததும் ஷாஃப்ட்டில் இருக்கும் அரை வட்டக் கீயை உடனே எடுத்து டப்பாவில் போடுங்கள், அதுவும் விழுந்து தொலையக்கூடிய பொருள்தான். இந்த இரண்டு கருவியும் இல்லையென்றால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள், தப்பே இல்லை.

சுரங்கத்தின் அடியில் கிராங்க் கேஸுக்குள் போகும் திறப்பு இருக்கும், ஆயில் திரும்பி இறங்கும் வழி அது. மறுபடி வாஷரை அதன் வாயில் வைத்துப் பாருங்கள். வாஷர் நுழையாத அளவு என்றால் தேடல் அந்த அறையோடு முடிகிறது. நுழையும் என்றால் கிளட்ச் பக்கக் கவரையும் திறந்து ஜல்லடையையும் அடித்தளத்தையும் பார்க்க வேண்டும். அங்கும் இல்லாமல், வளையமும் பொருந்தி, வெளியிலும் கிடைக்காமல் இருந்தால் மட்டுமே உங்கள் இன்னொரு நண்பர் சொன்னபடி கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் பிரிப்பதைத் தவிர வேறு வழி சொல்ல எனக்கு மனம் வராது. இவ்வளவு தூரம் போக வேண்டிய வண்டிகள் குறைவு, ஆனால் போக வேண்டிய இடத்தில் பாதியில் மூடிவிட்டு ஓட்டக்கூடாது. ஓடும்போது செயின் தாண்டி இன்ஜின் பிடித்தால் பின்சக்கரமே இறுகி நிற்கலாம். நீங்கள் அதன் மேல் உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பொருள் விழுந்தது பிளக் ஓட்டை வழியாக என்றால் வழி வேறு. அது பிஸ்டன் தலையின் மேல் கிடக்கும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது தலைக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், சின்ன நட்டு கிடந்தால்கூட ஒரே கிக்கில் இரண்டிலும் பள்ளம் விழும். பிளக் ஓட்டை வழியாகவே கேமராவும் காந்தமும் விட்டு எடுக்கப் பாருங்கள். பிளக் மரையின் அலுமினியத் துகள் என்றால் மெல்லிய குழாயை வாக்குவம் கிளீனரில் டேப் சுற்றி இணைத்து உறிஞ்சலாம், பெட்ரோல் வாடை இல்லாதபோது மட்டும். வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள். ஒற்றை சிலிண்டரில் அது பெரிய வேலை இல்லை. கார்புரேட்டர் கழற்றியபோது ஸ்க்ரூ இன்டேக் வழியில் விழுந்தால், வால்வு மூடியிருக்கும் வரை அதன் முதுகிலேயே நிற்கும், அங்கும் கிராங்கைச் சுற்றாமல் இருந்தால் எடுத்துவிடலாம். பிஸ்டன் மாற்றும்போது பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் லாக் வளையம் துள்ளிக் கிராங்க் கேஸ் வாய்க்குள் போவது அடிக்கடி நடப்பது. அது ஸ்பிரிங் இரும்பு, காந்தத்தில் நன்றாக வரும். லாக்கைத் தொடும் முன் வாயை ஒரே பெரிய துணியால் அடைத்துக்கொண்டால் அந்தத் தேடலே வராது.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். வாஷர் கிடைத்துவிட்டது, அல்லது அது முதலிலேயே இல்லை என்று வளையம் காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது போல்ட்டுக்கு ஏதோ ஒரு வாஷரைப் போட்டு மூடாதீர்கள். பாகங்கள் படத்தில் இருந்தால் அதே எண்ணுள்ள புது வாஷரை வாங்கிப் போடுங்கள், ஒன்றுக்கு இரண்டாகவே மாற்றிவிடுங்கள். வாஷர் இருக்க வேண்டிய போல்ட்டை வாஷர் இல்லாமல் முறுக்கினால் வாஷரின் கனம் எவ்வளவோ (சுமார் 1.6 மில்லிமீட்டர்) அவ்வளவு போல்ட் கூடுதலாக உள்ளே போகும். மரை அடிதட்டினால் முறுக்கு ஏறியதுபோல் தோன்றும், ஸ்ப்ராக்கெட் மட்டும் இறுகாமல் நிற்கும். மாட்டும்போது வாஷரில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளுங்கள், சுரங்கத்தின் வாயில் துணி இருக்கட்டும். முறுக்கை மேனுவல் சொல்லும் அளவில் டார்க் ஸ்பானரால் வையுங்கள். மரைப் பசை போடச் சொல்லியிருந்தால் கிரீஸ் மரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைத்த துணிகளை எண்ணி எடுங்கள். டைமிங் குறிகளைச் சரிபார்த்து டென்ஷனரை விடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே நான்கு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கிராங்க் நான்கு சுற்றினால் கேம் இரண்டு சுற்று. வால்வு ஸ்பிரிங் அழுந்தும் இடத்தில் கொஞ்சம் இழுத்து விட்டதுபோல் இருக்கும், அது இயல்பு. இரும்பில் இரும்பு இடித்தது போல் கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள், கூடுதல் பலம் போடாதீர்கள். நான்கு சுற்றுக்குப் பிறகும் குறிகள் அதே இடத்தில் வந்து நின்றால் டேப்பட் இடைவெளியைப் பார்த்துவிட்டு மூடலாம். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சில கிக் மிதித்து ஆயில் மேலே ஏற விடுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் மட்டும் கேளுங்கள். புதிதாக ஒரு தட்டல் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

இடையில் எங்கேயாவது வொர்க்‌ஷாப்பில் கொடுக்க முடிவு செய்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். என்ன கழற்றினீர்கள், எத்தனை சுற்று சுற்றினீர்கள், எங்கெல்லாம் தேடிவிட்டீர்கள் என்று ஒன்று விடாமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் அவர் வந்ததும் முதலில் செல்ஃபைத்தான் அழுத்திப் பார்ப்பார். ஒரு காகிதத்தில் "ஸ்டார்ட் செய்யக்கூடாது, உள்ளே வாஷர்" என்று எழுதி ஹேண்டில்பாரில் கட்டி, அந்த ஜோடி வாஷரையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.